தங்கையின் குழந்தையைத் தத்தெடுக்கிறோம்: ஆஸ்பத்திரியிலேயே எங்கள் பெயரைப் போடலாமா?

கேள்வி: எனக்கு 36 வயது, கணவருக்கு 40. இந்துக்கள். திருமணமாகிப் பல வருடமாகியும் குழந்தை இல்லை. இரண்டு குழந்தைகளுக்குத் தாயான என் தங்கை மறுபடி எட்டு மாத கர்ப்பம். பிறக்கும் குழந்தையை எங்களுக்கே தருவதாகச் சொல்கிறாள். வளைகுடாவில் வேலை பார்க்கும் அவள் கணவரும் போனில் சரி என்றுவிட்டார். என் ஆதாரைக் கொடுத்துத் தங்கையை என் பெயரில் அட்மிட் செய்துவிட்டால் பிறப்புச் சான்றிதழே எங்கள் பெயரில் வந்துவிடும், தத்துப் பத்திரமெல்லாம் எதற்கு என்கிறார்கள் உறவினர்கள். செய்யலாமா?
- வாசகி, தேனி மாவட்டம்

பதில்: கூடவே கூடாது. சொந்தத்துக்குள் நடப்பதுதானே என்று இதைச் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் பொய்ப் பெயரில் பிரசவம் பார்த்துப் பொய்யாகப் பிறப்பைப் பதிவது குற்றம். அதில் நீங்கள் மட்டுமல்ல, தங்கையும் மாட்டுவார். கர்ப்பத்தைப் பதிந்தபோதே தங்கை பெயரில் பிக்மி எண் வந்திருக்கும், ஸ்கேன் ரிப்போர்ட்டும் அவர் பெயரில்தான் இருக்கும். நாளைக்குச் சொத்துத் தகராறு என்று ஒரு பங்காளி கோர்ட்டுக்குப் போனால், இந்தக் காகிதங்களும் ஒரு டிஎன்ஏ சோதனையும் போதும். அப்போது குழந்தை நீங்கள் பெற்றதும் ஆகாது, தத்தெடுத்ததும் ஆகாது. அந்த நிலைமையில் அதை நிறுத்தலாமா?

நேர்வழி ஒன்றும் கடினமில்லை. 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டப்படி சொந்தத்தில் தத்தெடுக்க கோர்ட் உத்தரவு தேவையில்லை. கணவர் தத்தெடுக்க உங்கள் சம்மதம் வேண்டும். தத்து முடிந்ததும் சட்டப்படி நீங்கள்தான் தாய். பெண் குழந்தையானால் கணவருக்கும் அதற்கும் 21 வயதாவது வித்தியாசம் இருக்க வேண்டும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

பிரசவத்துக்கு முன்பே தங்கையிடம் கையெழுத்து வாங்கி வைக்காதீர்கள், அது செல்லாது. குழந்தை பிறக்கட்டும். 21 நாளுக்குள் பெற்றவர்கள் பெயரிலேயே பிறப்பைப் பதியுங்கள். தங்கை உடம்பு தேறி, அப்போதும் மனம் மாறாமல் இருந்தால் மேற்கொண்டு பேசுங்கள். முறைப்படி நடந்த தத்தைப் பிறகு யாராலும் ரத்து செய்ய முடியாது. அதனால் இந்த அவகாசம் அவருக்கு அவசியம்.

பலரும் கோட்டை விடுவது அடுத்த இடத்தில். தத்து என்பது பத்திரத்தால் ஆவதில்லை, கொடுத்து வாங்குவதால் ஆவது. பெற்றவர்கள் தங்கள் கையால் குழந்தையைத் தத்தாகக் கொடுக்க, நீங்கள் இருவரும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஹோமம் கட்டாயமில்லை, வீட்டில் விளக்கேற்றி, பெரியவர்கள் நாலு பேர் முன்னிலையில் செய்தால் போதும். போட்டோ எடுத்து வையுங்கள். எந்தத் தேதியில், எந்த இடத்தில், யார் முன்னிலையில் குழந்தையைக் கொடுத்து வாங்கினோம் என்ற வாசகம் தத்துப் பத்திரத்தில் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன் படித்துப் பாருங்கள். "தத்துக் கொடுக்கச் சம்மதிக்கிறோம்" என்று மட்டும் எழுதிய பத்திரம் பின்னால் வம்பு.

பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். சட்டப்படி கட்டாயமில்லைதான். ஆனால் இரு தரப்பும் கையெழுத்திட்டுப் பதிந்த பத்திரம் இருந்தால், தத்து முறைப்படி நடந்தது என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும். இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். குழந்தைக்கு விலையாகப் பணமோ நகையோ கைமாறக் கூடாது. மாறினால் ஆறு மாதம் வரை சிறை.

தங்கை கணவரின் சம்மதம் இல்லாமல் தங்கை மட்டும் கொடுக்க முடியாது. போனில் சொன்னதை நாளைக்கு எப்படி நிரூபிப்பீர்கள்? அவர் லீவில் வரும்வரை காத்திருந்து, அவரையும் வைத்துக் கொடுத்து வாங்குவதே என் யோசனை. குழந்தைக்கு 15 வயது முடியும் முன் எப்போது வேண்டுமானாலும் தத்தெடுக்கலாம் எனும்போது என்ன அவசரம்? வர வழியே இல்லையென்றால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சம்மதப் பத்திரம் எழுதிச் சான்றொப்பம் பெற்று அனுப்பச் சொல்லுங்கள்.

இதே கேள்வியை ஒரு கிறிஸ்தவ அல்லது முஸ்லிம் குடும்பம் கேட்டால் என் பதில் வேறு. அவர்கள் 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்து மாவட்ட ஆட்சியரின் உத்தரவு பெற வேண்டும்.

பதிந்த பத்திரத்தின் நகலை இணைத்து, பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயரை மாற்ற பிறப்புப் பதிவாளரிடம் மனு கொடுங்கள். கோர்ட் ஆர்டர் கொண்டு வா என்று திருப்பி அனுப்பினால் வாக்குவாதம் வேண்டாம். மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு ஒரு வக்கீலைப் பாருங்கள்.