தேர்ட் பார்ட்டிக்கும் பம்பர் டு பம்பருக்கும் நடுவில்: கார் இன்ஷூரன்ஸ் கேள்வி-பதில்

ரெனியூவல் மெசேஜ் வந்ததும் வாசகர்கள் அனுப்பும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கு மட்டும் ஈடு தரும் வெறும் தேர்ட் பார்ட்டி போதாது என்று தெரிகிறது, ஏஜென்ட் சொல்லும் எல்லா ஆட்-ஆனையும் (கூடுதல் கவரையும்) போட்டால் கட்டுப்படியாகவில்லை, நடுவில் எதை எடுப்பது? நடுத்தரப் பாலிசி என்ற பெயரில் யாரும் தனியாக எதையும் விற்பதில்லை. நம் ஊரில் ஃபுல் இன்ஷூரன்ஸ் என்று சொல்கிற சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியை எடுத்துக்கொண்டு, அதன் மேல் உங்கள் காருக்குத் தேவையான ஒன்றிரண்டை மட்டும் சேர்க்க வேண்டும். கையிலிருந்து கொடுத்துச் சமாளிக்க முடிகிற செலவுக்குப் பிரீமியம் கட்டாதீர்கள், சேமிப்பைக் கரைக்கிற செலவுக்குக் கட்டுங்கள். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் போகும்.

என் ஹேட்ச்பேக்குக்கு நாலாவது வருடம் ஓடுகிறது. ஜீரோ டெப் இல்லாமல் எடுத்தால் க்ளெய்மில் பாதிப் பணம்கூட வராது என்கிறார் ஏஜென்ட். உண்மையா? – மதுரை வாசகர்

கொஞ்சம் மிகைப்படுத்திச் சொல்லியிருக்கிறார். பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் க்ளெய்ம் தரும் ஆட்-ஆன்தான் ஜீரோ டெப், பம்பர் டு பம்பர் என்பதும் இதுதான். ஒரு பில்லைப் போட்டே பார்த்துவிடலாம். முன்பக்கம் இடித்துவிட்டது என்று வையுங்கள். பம்பர் 8,000, ஹெட்லைட் 6,000, பானெட் 10,000, பெயின்டிங் 8,000, லேபர் 4,000. மொத்தம் 36,000 ரூபாய்.

பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்களுக்கு வயது வித்தியாசம் இல்லாமல் 50% தேய்மானம் கழிப்பார்கள். எனவே பம்பரில் 4,000, ஹெட்லைட்டில் 3,000 போய்விடும். இரும்புப் பாகங்களுக்குக் காரின் வயதைப் பார்ப்பார்கள். மூன்று முடிந்து நான்கு முடியாத காருக்கு 25%. பானெட்டில் 2,500 போகும். பெயின்டிங் பில்லில் கால் பங்கை மெட்டீரியல் என்று வைத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், அதாவது 1,000. லேபருக்குக் கழிவு கிடையாது. ஆக 10,500. இதோடு எல்லா க்ளெய்மிலும் கட்டாயமாகப் பிடிக்கும் தொகை ஒன்று உண்டு. 1500 சிசி வரையுள்ள கார்களுக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. உங்கள் கையிலிருந்து போவது 11,500, கம்பெனி தருவது 24,500. பாதிக்கு மேல் வருகிறதா இல்லையா?

ஜீரோ டெப் இருந்தால் அந்த 10,500 உங்களுக்கு மிஞ்சும். கட்டாயத் தொகை 1,000 அப்போதும் போகும். பம்பர் டு பம்பர் என்றால் ஒரு பைசா செலவில்லை என்று நினைத்து ஒர்க்‌ஷாப்பில் சண்டை போடுபவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. ஒரு வருடத்துக்கு இரண்டு க்ளெய்முக்கு மேல் தராத ஜீரோ டெப்களும் நிறைய உண்டு, பாலிசியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனவே கோட்டேஷனை இரண்டு விதமாக வாங்குங்கள், ஜீரோ டெப்போடு ஒன்று, இல்லாமல் ஒன்று. வித்தியாசம் 1,500 அல்லது 2,000 என்றால் நெரிசலில் தினமும் ஓட்டுபவர் எடுத்துவிடலாம். 5,000 என்றால் நான் விட்டுவிடுவேன். கார் திருடு போனாலோ முழுக்க நொறுங்கினாலோ ஜீரோ டெப்பால் ஒரு லாபமும் இல்லை, அப்போது கிடைப்பது ஐடிவி, அதாவது பாலிசியில் காருக்குப் போட்டிருக்கும் மதிப்புதான். கண்ணாடிக்கு எந்தப் பாலிசியிலும் தேய்மானம் கழிப்பதில்லை, விண்ட்‌ஷீல்டுக்குப் பயந்தும் ஜீரோ டெப் எடுக்க வேண்டாம்.

ஆன்லைனில் ஐடிவியைக் குறைத்தால் பிரீமியமும் குறைகிறது. குறைத்துக்கொள்ளலாமா? – திருநெல்வேலி வாசகர்

குறைக்காதீர்கள். ஐடிவி என்பது கார் போய்விட்டால் கம்பெனி தரும் உச்சத் தொகை. ஷோரூம் விலையில் இரண்டு முதல் மூன்று வயதுக் காருக்கு 30%, நான்கு முதல் ஐந்து வயதுக்கு 50% கழித்துப் போடுவது அட்டவணைக் கணக்கு. ஐந்து வருடம் தாண்டினால் நீங்களும் கம்பெனியும் பேசி ஒத்துக்கொள்வதுதான். வெப்சைட்டில் 'பிரீமியம் குறைவானது முதலில்' என்று வரிசைப்படுத்தினால் மேலே வருவது பல சமயம் ஐடிவியைக் கீழே இழுத்துவிட்ட கோட்டேஷன்தான். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், திருட்டு நடந்தால் 50,000 ரூபாய் குறையும். இன்னொரு சங்கதியும் உண்டு. ரிப்பேர்ச் செலவு ஐடிவியில் 75% தாண்டினால் காரை 'டோட்டல் லாஸ்' என்று முடித்துவிடுவார்கள். ஐடிவி குறைவாக இருந்தால், ரிப்பேர் செய்து ஓட்டியிருக்கக்கூடிய காரும் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும்.

அதற்காக ஏற்றியும் போடாதீர்கள். மார்க்கெட்டில் உங்கள் கார் என்ன விலைக்குப் போகிறதோ அதை ஒட்டி இருந்தால் போதும்.

வேளச்சேரியில் தரைத்தள பார்க்கிங். ஃபுல் இன்ஷூரன்ஸ் இருக்கும்போது இன்ஜின் ப்ரொடெக்ட் தனியாக எதற்கு? – சென்னை வாசகர்

உங்களுக்கு ஒரே ஒரு ஆட்-ஆன்தான் அனுமதி என்றால் இதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

வெள்ளம் சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியிலேயே அடக்கம். நின்ற இடத்தில் கார் மூழ்கி, சீட், கார்பெட், வயரிங், எலக்ட்ரானிக்ஸ் போனால் தேய்மானம் கழித்துக் கிடைக்கும். சிக்கல் இன்ஜினில். ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கும்போது சாவியைத் திருப்பினால், பிஸ்டன் மேலே வந்து தண்ணீரில் மோதும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராட் வளைந்துவிடும், இன்ஜினைப் பிரித்தாக வேண்டும். வெள்ளம் வந்ததால் கார் கெட்டது என்று நீங்கள் சொல்வீர்கள். ஸ்டார்ட் செய்ததால் கெட்டது, அது வெள்ளத்தின் நேரடிச் சேதம் இல்லை என்று கம்பெனி சொல்லும். இன்ஜினைத் திறந்து வளைந்த ராடைப் பார்த்தாலே, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயருக்கு விஷயம் புரிந்துவிடும், ஏனென்றால் அணைத்து நிறுத்திய இன்ஜினில் ராட் வளையாது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் ஒர்க்‌ஷாப்களில் இதே வழக்குதான்.

இந்த இடைவெளியை அடைப்பதுதான் இன்ஜின் ப்ரொடெக்ட். பாலிசி நடுவில் சேர்ப்பது பெரும்பாலும் நடக்காத காரியம். ரெட் அலர்ட் வந்த பிறகு ஏஜென்டைக் கூப்பிட்டுப் பயனில்லை, ரெனியூவலிலேயே கேட்டு வாங்குங்கள். 2024 அக்டோபரில் உங்கள் ஏரியாக்காரர்கள் மழைக்கு முன்பே கார்களை மேம்பாலத்தில் வரிசையாக விட்டார்களே, இன்ஷூரன்ஸ் இருந்தாலும் அது நல்ல யோசனைதான். மூழ்கிய காரைத் தள்ளியோ இழுத்தோ ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள், சாவியையும் திருப்பாதீர்கள். தண்ணீர் எந்த மட்டம் வரை நின்றது என்று தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, க்ளெய்ம் பதிந்து, டோ செய்து ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்கள்.

மேட்டில் இருக்கும், தண்ணீரே தேங்காத ஊர்க்காரர்களுக்கு இது அவசியமில்லை.

கேட்டில் உரசி கதவு நசுங்கிவிட்டது. டிங்கரிங், பெயின்டிங் சேர்த்து 6,000 கேட்கிறார்கள். க்ளெய்ம் போடட்டுமா? இப்போது என்சிபி 35% இருக்கிறது. – திருச்சி வாசகர்

வேண்டாம். கணக்கைப் பாருங்கள். க்ளெய்ம் போடாத ஒவ்வொரு வருடத்துக்கும் ஏறும் தள்ளுபடிதான் என்சிபி (நோ க்ளெய்ம் போனஸ்). அதன் படிகள் 20, 25, 35, 45, 50%. ஒரு க்ளெய்ம் போட்டால் நேராகப் பூஜ்யம். உங்கள் ஓன் டேமேஜ் (சொந்தக் காரின் சேதத்துக்கான பகுதி) பிரீமியம் 8,000 என்று வைத்தால், க்ளெய்ம் போடாவிட்டால் அடுத்த வருடம் 45% அதாவது 3,600 தள்ளுபடி. போட்டால் ஒன்றும் இல்லை. அதற்கடுத்த வருடம் 50% கிடைக்க வேண்டிய இடத்தில் 20%, நஷ்டம் 2,400. மூன்றாவது வருடம் 50-க்குப் பதில் 25, நஷ்டம் 2,000. மூன்று வருடத்தில் 8,000 போகும். க்ளெய்மிலோ கழிவு எல்லாம் போக 5,000 கூடக் கிடைக்காது.

ஒரு தகவல்: என்சிபி காருக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். காரை விற்றுவிட்டுப் புதிது வாங்கும்போது பழைய கம்பெனியிடம் லெட்டர் வாங்கி அதை மாற்றிக்கொள்ளலாம். பாலிசி காலாவதியாகி 90 நாள் தாண்டினால் மட்டும் காணாமல் போகும்.

புதுக் கார் புக் செய்திருக்கிறேன், பெரும்பகுதி லோன். ஷோரூமில் தரும் இன்ஷூரன்ஸைத்தான் எடுக்க வேண்டுமா? – கோவை வாசகர்

எந்தக் கட்டாயமும் இல்லை. வெளியே கோட்டேஷன் வாங்கி அவர்களிடம் காட்டுங்கள், பல இடங்களில் அப்போதே விலை இறங்கும். புதுக் காருக்குத் தேர்ட் பார்ட்டி மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டியாக வேண்டும், 2018 செப்டம்பரிலிருந்து அப்படித்தான். ஓன் டேமேஜை ஒரு வருடத்துக்கு மட்டும் எடுத்துவிட்டு, அடுத்த வருடம் வேறு கம்பெனிக்குத் தாராளமாகப் போகலாம்.

லோன் அதிகம் என்பதால் முதல் இரண்டு மூன்று வருடத்துக்கு ஜீரோ டெப்போடு, கார் போய்விட்டால் வாங்கிய பில் விலையைத் தரும் ரிட்டர்ன் டு இன்வாய்ஸும் வைத்துக்கொள்ளுங்கள். இது இல்லாமல் கார் திருடு போனால் ஐடிவி மட்டும் வரும், பேங்க் பாக்கி அதைவிட அதிகமாக நிற்கக்கூடும். அந்தப் பள்ளத்தை இது நிரப்பும். டயர் கவர், சாவி கவர், பெட்டி படுக்கை கவர் என்று பட்டியல் நீளும். எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டாம்.

வருடத்துக்கு 4,000 கிலோமீட்டர்கூட ஓட்டுவதில்லை. எல்லோரையும் போல் நானும் ஏன் கட்ட வேண்டும்? – சேலம் வாசகர்

கட்ட வேண்டாம். ஓடும் கிலோமீட்டருக்கு ஏற்பப் பிரீமியம் போடும் 'பே ஆஸ் யூ டிரைவ்' வகையை 2022 ஜூலையில் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை அமைப்பான ஐஆர்டிஏஐ அனுமதித்துவிட்டது. வாங்கும் முன் ஒன்றைக் கேளுங்கள், லிமிட் தாண்டிய பின் விபத்து நடந்தால் என்ன ஆகும், நடுவில் டாப்-அப் செய்ய முடியுமா என்று. பதில் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தேர்ட் பார்ட்டிப் பகுதியில் இந்தச் சலுகை கிடையாது.

12 வயதுக் கார், விற்றால் ஒரு லட்சம் வரும். தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டால் தப்பா? – தஞ்சாவூர் வாசகர்

தப்பே இல்லை. 2022 ஜூனில் அரசு நிர்ணயித்தபடி 1000 சிசிக்குள் 2,094, 1500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897 ரூபாய், ஜிஎஸ்டி தனி. எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் இதே விலைதான், அலைய வேண்டாம். அடுத்தவர் உயிருக்கும் காயத்துக்கும் உச்சவரம்பு இல்லை, சொத்துச் சேதத்துக்கு 7.5 லட்சம் வரை. ஓட்டும் உங்களுக்கு 15 லட்சம் பெர்சனல் ஆக்ஸிடென்ட் கவர் கூடவே இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினேன். பாலிசி பழைய ஓனர் பெயரில் இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. அப்படியே விடலாமா? – ஈரோடு வாசகர்

விடாதீர்கள். தேர்ட் பார்ட்டிப் பகுதி தானாக உங்களுக்கு மாறிவிடும், ஆனால் உங்கள் கார் அடிபட்டால் உங்களுக்குக் கிடைக்க வேண்டிய பகுதி மாறாது. கைமாறிய 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதி மாற்றச் சொல்ல வேண்டும். ஆர்சி உங்கள் பெயரில், பாலிசி அவர் பெயரில் என்று இருக்கும்போது விபத்து நடந்தால் ஓன் டேமேஜ் க்ளெய்ம் நிற்காது. பழைய ஓனரின் என்சிபி உங்களுக்கு வராது, அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். கட்டிவிடுங்கள். காரில் வெளியே பொருத்திய கேஸ் கிட் இருந்தால் அது ஆர்சியிலும் பாலிசியிலும் ஏறியிருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

ஓன் போர்டு காரை முகூர்த்த நாளில் தெரிந்தவர்களுக்கு வாடகைக்கு விடுகிறேன். இன்ஷூரன்ஸ் கிடைக்கும்தானே? – நாமக்கல் வாசகர்

கிடைக்காது.

சர்வேயர் பில்லில் பாதியை வெட்டிவிட்டார். யாரிடம் போவது? – விழுப்புரம் வாசகர்

முதலில் சர்வே ரிப்போர்ட்டின் நகலை எழுத்தில் கேளுங்கள். அதில் ஒவ்வொரு பாகத்துக்கும் எவ்வளவு தேய்மானம் என்று இருக்கும். மேலே மதுரை வாசகருக்குப் போட்ட கணக்கோடு ஒத்துப் பாருங்கள், பாதி வழக்கு அங்கேயே தெளிந்துவிடும். இரும்புப் பாகத்துக்குப் பிளாஸ்டிக் கணக்கில் 50% போட்டிருந்தாலோ, 'மாற்ற வேண்டும்' என்று ஒர்க்‌ஷாப் சொன்னதை 'ரிப்பேர் போதும்' என்று குறைத்திருந்தாலோ, கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியாக இல்லை என்றால் புகார்களை விசாரிக்கும் இன்ஷூரன்ஸ் ஒம்பட்ஸ்மனிடம் போகலாம். நமக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். அவர் தரும் உத்தரவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். அதுவரை கழற்றிய பழைய பாகங்களை ஒர்க்‌ஷாப்பில் ஸ்கிராப்புக்குப் போட விடாதீர்கள், குறைந்தபட்சம் ஒவ்வொன்றையும் போட்டோவாவது எடுத்து வையுங்கள்.