டவர் லைன் பக்கத்து மனையும் ஹானோவர் எலிகளும்

காட்பாடி வாசகி ஒருவரின் கேள்வி: "திருவலம் பக்கம் மனை பார்த்திருக்கிறோம். 80 அடி தள்ளி உயரழுத்த மின்சார டவர் லைன் போகிறது. அதன் காந்தப்புலத்தால் எலிகளுக்குக் கேன்சர் வந்ததை ஆய்வகத்திலேயே நிரூபித்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தது. எங்கள் குழந்தைக்கு நான்கு வயது. மனையை வாங்கலாமா?"

திருவலத்தில் 765 கிலோவோல்ட் துணைமின் நிலையமே இருக்கிறது. அந்தப் பக்கம் டவர் கண்ணில் படாத மனை கிடைப்பது கஷ்டம்தான். சரி, எலிக்கு வருவோம்.

வீடியோ முழுப் பொய் இல்லை. ஜெர்மனியின் ஹானோவரில் பெண் எலிகளுக்கு முதலில் டி.எம்.பி.ஏ. என்ற ரசாயனத்தைக் கொடுத்தார்கள். மார்பகக் கட்டியை உண்டாக்க அது ஒன்றே போதும். அப்புறம் 100 மைக்ரோடெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) புலத்தில் வைத்தார்கள், கட்டிகள் கூடின. அதே சோதனையை அமெரிக்காவில் செய்து பார்த்தபோது கூடவில்லை. ஹானோவர்காரர்களே காரணம் தேடியதில், ஒரே எலி இனத்தில் ஒரு கிளைக்குப் பாதிப்பு தெரிந்தது, இன்னொரு கிளைக்குத் தெரியவில்லை. ரசாயனக் கதையை வீடியோக்காரர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

ரசாயனமே இல்லாமல் நடந்த பெரிய சோதனை, 1999இல் வெளிவந்த அமெரிக்க தேசிய நச்சியல் திட்டத்தின் ஆய்வு. தினமும் 18 மணி நேரத்துக்கு மேல், இரண்டு வருடம், 1000 மைக்ரோடெஸ்லா வரை. ஆண் எலிகளுக்கு மட்டும் 2 மைக்ரோடெஸ்லாவிலும் 200 மைக்ரோடெஸ்லாவிலும் தைராய்டு கட்டி கூடியது. 1000இல் அந்த அளவுக்குக் கூடவில்லை. புலம்தான் காரணம் என்றால் அளவு ஏற ஏறப் பாதிப்பும் ஏறியிருக்க வேண்டாமா? அதனால் நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

என்னை யோசிக்க வைப்பது எலி அல்ல, மனிதக் கணக்கு. 1979இல் அமெரிக்காவின் டென்வர் நகர ஆய்வில் தொடங்கிய சந்தேகம் இது. பிறகு பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சராசரி 0.4 மைக்ரோடெஸ்லாவைத் தாண்டிய வீடுகளில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தெரிந்தது. அப்படிப்பட்ட வீடுகள் நூற்றில் ஒன்றுகூட இல்லை. காரணமும் ஆய்வகத்தில் பிடிபடவில்லை. அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2002இல் இதை '2பி', அதாவது 'காரணமாக இருக்கக்கூடும்' என்ற வரிசையில் வைத்தது.

உங்கள் வீட்டில் சின்னக் குழந்தை இருப்பதால் அளந்து பார்த்துவிடுங்கள். செல்போன் ஆப் வேண்டாம். அது 40 சொச்சம் மைக்ரோடெஸ்லா காட்டிப் பயமுறுத்தும். அது பூமியின் சொந்தக் காந்தப்புலம். மாறுமின்னோட்டப் புலத்தை அளக்கும் காஸ்மீட்டரை வாங்கி, படுக்கையறை வரப்போகும் இடத்தில் வையுங்கள். புலம் கம்பியில் ஓடும் மின்னோட்டத்தைப் பொறுத்தது. ஆகவே மதியம் ஒரு தடவை, ஏ.சி. ஓடும் இரவில் ஒரு தடவை. சுவர் இதைத் தடுக்காது, தூரம்தான் குறைக்கும். 0.4க்குக் கீழே நின்றால், நானாக இருந்தால் வாங்குவேன்.

வீடு கட்டும்போதுதான் நிஜ ஆபத்து. டவர் லைன் கம்பியைத் தொடக்கூட வேண்டியதில்லை, நெருங்கினாலே மின்சாரம் பாயும். எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும் என்று ஈ.பி. அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள். கான்கிரீட்டுக்குக் கம்பி கட்ட வருகிறவர்களுக்கு முதல் நாளே லைனைக் காட்டிவிடுங்கள்: 40 அடிக் கம்பியை யாரும் நிமிர்த்தித் தூக்கக் கூடாது.