ஆடும் படகில் சுடுகாப்பி

கேள்வி: உவரிக் கடலில் உறவினரின் பாய்மரப் படகில் செல்லும்போது, கருப்பட்டிக் காப்பியைச் சிந்தாமல் எல்லோருக்கும் கொடுப்பது எப்படி? (வாசகி, திசையன்விளை)

பதில்: காப்பியைக் கரையிலேயே காய்ச்சி, இறுக மூடும் பிளாஸ்கில் எடுத்துச் செல்லுங்கள், ஆடும் படகில் அடுப்பு மூட்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஊற்றுபவர் ஆட்டம் குறைந்த நடுப்பகுதியில் தரையோடு அமர்ந்து, ஒருவர் கையில் பிடித்திருக்கும் டம்ளரில் அல்லாமல், சிறு வாளிக்குள் நிறுத்திய டம்ளரில் பாதியளவே ஊற்ற வேண்டும். பிடித்த கையின் மேல் ஊற்றிவிடும் விபத்து இதனால் தவிர்க்கப்படும். பாயை மறுபக்கம் மாற்றும்போது படகின் சாய்வும் மாறுமாதலால், அந்நேரத்தில் எதையும் பரிமாறாதீர்கள். சுக்கான் பிடிப்பவருக்கு மூடியுள்ள குவளையே நல்லது. சிறுவர்களுக்கு ஆறிய பிறகு கொடுங்கள். சுட்டுவிட்டால் பற்பசை, மாவு எதையும் தடவாமல், 20 நிமிடம் குளிர்ந்த நன்னீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கென ஒரு குடம் தண்ணீரைத் தனியாக ஏற்றிக்கொள்ளுங்கள்.