கோதுமையை விட்டதும் வயிறு சரியாகிவிட்டது. அரிசி சாப்பிடும் நமக்கு சீலியாக் வருமா, டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

எடுக்க வேண்டும். கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே எடுத்திருந்தால் இன்னும் நல்லது. சீலியாக் என்பது கோதுமை, பார்லியில் இருக்கிற குளூட்டன் என்ற புரதம் பட்டால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைத் தாக்குகிற நோய். நீங்கள் இரண்டு மாதமாகச் சப்பாத்தி, பரோட்டா பக்கம் போகவில்லை, வயிற்று உப்புசம் நின்றுவிட்டது, இனிமேல் டெஸ்ட்டுக்குக் கொடுக்கிற காசு தண்டம்தானே என்று கேட்கிறீர்கள். கூடவே 'சோறு தின்கிற நமக்கு இதெல்லாம் வருமா' என்றும் ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் வேலையை விட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். அதை என்னிடம் சொந்தக்காரர்கள் மட்டுமல்ல, எம்.டி. படித்தவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. சீலியாக் உறுதியாகிப் பல வருடமாக அதோடு குடித்தனம் நடத்துகிற திருநெல்வேலிக்காரி. இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மருந்தை மாற்ற வேண்டாம்.

எனக்கு உங்களைப் போல உப்புசம்கூடப் பெரிதாக இருந்ததில்லை. ரத்தசோகைதான். கல்லூரிக் காலத்திலிருந்தே ஹீமோகுளோபின் எட்டு, எட்டரை என்று நொண்டிக்கொண்டிருந்தது. இரும்புச் சத்து மாத்திரை, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் எல்லாம் பார்த்தாயிற்று. ஒவ்வொரு டாக்டரும் என் உடம்பை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "டயட்டுல இருக்கியாம்மா?" என்றுதான் ஆரம்பிப்பார். கரு தங்காமல் போனதும் உண்டு. அதை இங்கே விரிக்க எனக்கு விருப்பமில்லை. கவனிக்காத சீலியாக்குக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்பதை மட்டும் சொல்கிறேன், யாருக்காவது பயன்படலாம்.

ஊரில் ஒரே ஒரு டாக்டர் மட்டும் குடலைப் பற்றி யோசித்தார். அவரும் 'ட்ராபிகல் ஸ்ப்ரூ' (வெப்ப நாடுகளில் வருகிற, சத்து உள்ளே சேரவிடாத ஒரு குடல் நோய்) என்று சொல்லி ஆன்டிபயாடிக்கும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தென்னிந்தியாவில் அந்த நோய் ஒரு காலத்தில் நிறையவே இருந்தது. குடலின் உள்பக்கம் இரண்டு நோயிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தேய்ந்திருக்கும்.

அப்புறம் கணவருக்கு டெல்லிக்கு மாற்றல் வந்தது. அங்கே மூன்று வேளையும் கோதுமை. கொஞ்ச நாளில் வயிற்றுப்போக்கு தொடங்கியது, தாடை எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. பக்கத்து வீட்டு அம்மா தள்ளிக்கொண்டு போகாத குறையாக ஒரு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். அங்கிருந்த பெண் டாக்டருக்கு என் வயதுகூட இருக்காது. பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு, "இத்தனை வருடமாக மாத்திரை மேல் மாத்திரை எழுதியிருக்கிறார்கள், அது உள்ளே சேர்கிறதா என்று யாரும் பார்க்கவில்லையா?" என்று கேட்டார். இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்வது முக்கியமாகச் சிறுகுடலின் ஆரம்பப் பகுதியில். சீலியாக் முதலில் கை வைப்பதும் அங்கேதான். வட இந்தியாவில் இது அவர்களுக்கு அன்றாடம் வருகிற நோய் என்பதால் உடனே பிடித்துவிட்டார். டெல்லிக்காரர்கள் புத்திசாலிகள், நம் டாக்டர்கள் மட்டம் என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தினமும் பார்ப்பது கண்ணில் படும், அவ்வளவுதான்.

நமக்கு வருமா என்பதற்கு வருகிறேன். 2016இல் வெளியான ஓர் ஆய்வில் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று பகுதிகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பரிசோதித்தார்கள். இந்த நோய் இருந்தால் ரத்தத்தில் தென்படுகிற எதிர்ப்புப் பொருள் (ஆன்டிபாடி) வடக்கே நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல் இருந்தது, தெற்கே ஆயிரத்துக்கு ஒருவர் அளவுதான். ஆனால் நோய்க்கு இடம் கொடுக்கிற மரபணு (எச்எல்ஏ டிக்யூ2, டிக்யூ8) இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில், மூன்றில் ஒருவருக்கு மேல் இருந்தது. கண்ணில் படுகிற வித்தியாசம் தட்டில்தான், அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். அவர்கள் ஒரு நாளில் தின்கிற கோதுமையில் சிறு பங்கைத்தான் நாம் தின்றுகொண்டிருந்தோம். இப்போது சர்க்கரைக்குப் பயந்து ராத்திரிச் சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறாத வீடு எங்கே இருக்கிறது? அதனால் 'நமக்கு வராது' என்பதை நான் நம்புவதில்லை. அபூர்வம் என்றால் ஒத்துக்கொள்வேன்.

டெஸ்ட் இப்படித்தான். முதலில் ரத்தம். டிடிஜி ஐஜிஏ என்று எழுதித் தருவார்கள், மேலே சொன்ன ஆன்டிபாடியைப் பார்க்கிற டெஸ்ட். கூடவே டோட்டல் ஐஜிஏவும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சிலருக்கு ஐஜிஏ என்கிற அந்த ஆன்டிபாடி வகையே பிறவியிலேயே குறைவு, அவர்களுக்கு நோய் இருந்தாலும் முதல் டெஸ்ட் ஒன்றும் இல்லை என்று காட்டிவிடும். ரத்தத்தில் தென்பட்டால் அடுத்தது எண்டோஸ்கோபி. தொண்டையில் மரத்துப்போகிற ஸ்ப்ரே அடித்துக் குழாயை விட்டு, சிறுகுடலின் தொடக்கத்தில் சில இடங்களில் துளித் துளியாகச் சதை எடுப்பார்கள். குமட்டும், கண்ணில் தண்ணீர் வரும். சதை எடுப்பது தெரியவே தெரியாது. குடலின் உள்பக்கம் சத்தை உறிஞ்சுகிற விரல் மாதிரியான நீட்சிகள் பூந்துவாலை நூல் போல நிற்க வேண்டும். எனக்குப் பெரும்பாலும் மழுங்கியிருந்தன. மார்ஷ் மூன்று என்று ரிப்போர்ட் வந்தது, குடல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சொல்கிற கணக்கு அது.

உங்கள் சிக்கல் இங்கேதான். கோதுமையை நிறுத்தினால் ஆன்டிபாடி மெல்ல இறங்கிவிடும், குடலும் ஆறத் தொடங்கும். இப்போது போய் ரத்தம் கொடுத்து 'இல்லை' என்று வந்தால் அதற்கு அர்த்தமே கிடையாது. பெரும்பாலும் டாக்டர் உங்களைத் திரும்பவும் சில வாரம், ஆறு வாரம்கூட, தினமும் கோதுமை சாப்பிடச் சொல்லிவிட்டுத்தான் பரிசோதிப்பார். எவ்வளவு, எத்தனை நாள் என்பதை அவரிடமே கேளுங்கள். மரபணு டெஸ்ட்டுக்கு மட்டும் கோதுமை தின்ன வேண்டியதில்லை. அதில் இரண்டு மரபணுவும் இல்லையென்றால் சீலியாக் இல்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். இருந்தால் மட்டும் நோய் என்று ஆகாது, முன்பே சொன்னேனே, மூன்றில் ஒருவருக்கு அது இருக்கிறது.

ரத்தம் கொடுக்கிற பேச்சு வந்ததால் ஒரு வயிற்றெரிச்சல். ஒரு லேபில் ஒரே ஒரு முறை போன் நம்பர் கொடுத்தேன். இன்றுவரை "மேடம், ஃபுல் பாடி செக்கப் ஆஃபர்" என்று கூப்பிடுகிறார்கள். மத்தியானத் தூக்கத்தில், பஸ் ஏறும்போது, ஒரு முறை துக்க வீட்டில். அத்தனை அயிட்டம் இருக்கிற பட்டியலில் டிடிஜி இருக்கிறதா என்று கேட்டால், "அது என்ன மேடம்?" என்கிறது அந்தப் பிள்ளை. அதை விடுங்கள்.

குளூட்டன் இல்லாத சாப்பாடு என்றால் தமிழனுக்கு என்ன கஷ்டம், இட்லி தோசை இருக்கிறதே என்பார்கள். இட்லியில் ஒன்றும் இல்லைதான், சாம்பாரில் இருக்கிறது. கடையில் வாங்குகிற கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சாம்பார், ரசம், ஊறுகாய், இட்லிப்பொடி, மோர் என்று எதில்தான் நாம் அதைப் போடுவதில்லை? அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது, தேடி வாங்க வேண்டும். ஒரு சிட்டிகையில் என்ன ஆகிவிடும் என்று என் மாமியார் ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தார். குளூட்டன் ஃப்ரீ என்று லேபிள் போட இந்தியச் சட்டம் அனுமதிப்பதே கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள்தான். "அத்தை, இது அலர்ஜி இல்ல, கொஞ்சம் பட்டாலும் உள்ள புண்ணாகும்" என்று டாக்டர் வாயாலேயே சொல்ல வைத்த பிறகுதான் அடங்கினார். இப்போது அவரே டப்பா எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படிக்கிறார்.

அடுத்து மாவு மில். கேழ்வரகு, கம்பு, சோளம், தினை எதிலும் குளூட்டன் கிடையாது. ஆனால் மில்லில் எனக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்திருப்பார், அந்த மிச்சம் என் மாவில்தான் விழும். அண்ணாச்சியிடம் கழுவச் சொல்லவா முடியும்? வீட்டிலேயே அரைத்துக்கொள்கிறேன். கடையில் விற்கிற கேழ்வரகு சேமியாவையும் சிறுதானிய பிஸ்கட்டையும் நம்பாதீர்கள், பல பாக்கெட்டுகளில் கோதுமையும் சேர்ந்திருக்கும். ஹோட்டலில் சாதா தோசை கேட்டாலும் அதே கல்லில் சற்று முன்னால் மைதா போட்ட ரவா தோசை வெந்திருக்கும். பூரி பொரித்த எண்ணெயில்தான் வடையும் வேகும்.

மனுஷர்கள் தனி ரகம். "மதினி, கோதுமைதான ஆகாது? ரவை உப்புமாதான் கிண்டியிருக்கேன்" என்று என் நாத்தனார் ஆசையாகத் தட்டை நீட்டுவாள். ரவை எதிலிருந்து வருகிறது என்று நம்மில் பாதிப் பேர் யோசித்ததே இல்லை. உடம்பு சரியில்லை என்று பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வருவார்கள், அதில் இருப்பதே கோதுமையும் பார்லியும்தான். கல்யாண வீட்டில் சமைக்கிற தவசிப்பிள்ளையிடம் விசாரித்தால், பொண்ணு வீட்டுக்காரி நொட்டை சொல்கிறாள் என்று பேச்சாகிவிடும். அதனால் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போய் மொய் எழுதிவிட்டு வருகிறேன். எங்கள் ஊர் அல்வா சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலில் கிண்டுவது. அதைப் பற்றி மேலே எழுதினால் அழுதுவிடுவேன்.

'இதெல்லாம் வெளிநாட்டு ஃபேஷன்' என்று யாராவது சொல்வார்கள். 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் நெதர்லாந்தில் ரொட்டி கிடைக்காமல் போனபோது இந்த நோய் இருந்த குழந்தைகள் தேறினார்கள், ரொட்டி வந்ததும் மறுபடி படுத்தார்கள். அதைக் கவனித்த டிக்கே என்ற குழந்தை மருத்துவர் 1950இல் கோதுமைதான் காரணம் என்று ஆய்வேடே எழுதினார். அப்போது எந்த ஃபேஷனும் இல்லை. அதே சமயம், கோதுமை எல்லோருக்கும் விஷம் என்று யூடியூபில் கத்துகிறவர்களோடும் என்னைச் சேர்க்காதீர்கள். என் கணவர் வாரம் இரண்டு நாள் பரோட்டா சாப்பிடுகிறார், நன்றாகத்தான் இருக்கிறார்.

உங்களுக்கு உறுதியானால் அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோரும் ரத்தம் கொடுத்துப் பார்ப்பது நல்லது. பத்தில் ஒருவருக்கு இருக்க வாய்ப்புண்டு, தொந்தரவே தெரியாமலும் இருக்கும். என் தம்பி "எனக்கு வயிறே வலிக்கலையே" என்று இன்னும் தப்பித்துக்கொண்டிருக்கிறான்.

முறையாகக் கோதுமை சாப்பிட்டுப் பரிசோதித்தும் இல்லை என்று வந்தால், அதுவும் லாபம்தான். கோதுமையில் ஃப்ரக்டான் என்று ஒரு வகை மாவுச்சத்து இருக்கிறது, வெங்காயம், பூண்டிலும் உண்டு. சிலருக்கு வயிற்றை உப்ப வைப்பது அதுதான், குளூட்டன் அல்ல. அப்படியானால் என்னைப் போல மில்லையும் பெருங்காய டப்பாவையும் பார்த்துப் பயப்பட வேண்டாம், தாங்குகிற அளவுக்குச் சப்பாத்தியும் சாப்பிடலாம். எதற்கும் முதலில் வயிற்று டாக்டரைப் போய்ப் பாருங்கள். இரண்டு மாதமாகக் கோதுமையை நிறுத்தியிருப்பதை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.