முகம் தெரியாத இடத்தில் கண்ணோட்டம்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் உறவினர்களுக்கான வாட்ஸ்அப் குழுவில் 60 பேர் இருக்கிறோம். பி-500 என்று அச்சிட்ட பாரசிட்டமால் மாத்திரையில் மச்சுபோ என்னும் கொடிய வைரஸ் இருப்பதாக வந்த செய்தியை, 71 வயதான என் தந்தை சென்ற மாதம் அதில் பகிர்ந்தார். என் அண்ணன் மகன் அது பொய் என்று காட்டும் இணைப்பைப் போட்டு, ‘தாத்தா, இதை நம்பவும் ஒரு ஆள் இருக்கிறாரே’ என்று எழுதினான். பலர் சிரிக்கும் பொம்மைகளைப் போட்டார்கள். அப்பா ஒன்றும் சொல்லாமல் குழுவிலிருந்து விலகிவிட்டார். பொய்யைச் சுட்டிக்காட்டியது தவறா? (கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி)

பதில்: சுட்டிக்காட்டியது தவறில்லை, 60 பேர் நடுவில் ஒரு பெரியவரை வைத்துச் சிரித்தது தவறு. அந்தச் செய்தி முழுப் பொய் என்பதில் ஐயமில்லை. மச்சுபோ, தென் அமெரிக்காவின் பொலிவியாவில் ஒருவகை எலியின் மூலம் பரவுகிற வைரஸ். உலர்ந்த மாத்திரைக்குள் அது பிழைத்திருக்க வழியில்லை. சிங்கப்பூரின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-ஆம் ஆண்டிலேயே இதை மறுத்திருக்கிறது. ஆனால் உங்கள் தந்தை பொய் பரப்புவதற்காக அதை அனுப்பவில்லை. பேரப்பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் காய்ச்சலுக்கு முதலில் கை போவது அந்த மாத்திரைக்குத்தான் என்பது அவருக்குத் தெரியும். ‘எதற்கும் பிள்ளைகள் காதில் போட்டு வைப்போம்’ என்ற கவலையில்தான் அதைப் பகிர்ந்திருப்பார். அந்தக் கவலைக்குக் கிடைத்த பதில் சிரிப்பு என்பதே அவரை வெளியேற்றியிருக்கிறது.

திருக்குறளில் 58-ஆம் அதிகாரம் கண்ணோட்டம். ஒருவர்மேல் நம் கண் சென்றவிடத்துத் தோன்றும் இரக்கம் ஆகையால் அதற்கு அப்பெயர் வந்தது என்று பரிமேலழகர் விளக்குகிறார். இந்த விளக்கத்தைக் கைப்பேசியோடு சேர்த்து நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அதே பேரன் அதே சொற்களைக் கூடத்தில் தாத்தாவின் எதிரில் நின்று சொல்லத் தொடங்கியிருந்தால், அவர் முகம் வாடுவதைக் கண்ட மாத்திரத்தில் பாதி வாக்கியத்திலேயே நிறுத்தியிருப்பான். நிறுத்தாவிட்டாலும் பக்கத்தில் இருந்த அத்தையோ சித்தப்பாவோ ஒரு பார்வையில் அவனை அடக்கியிருப்பார்கள். திரையில் கண் செல்வதற்கு முகம் இல்லை. அவன் கெட்ட பிள்ளை அல்லன். அவனைத் தடுத்து நிறுத்தக்கூடிய முகம் அவன் கண்ணில் படவில்லை. அந்த முகத்தை நாமாகவே மனத்தில் கொண்டுவந்து நிறுத்திய பிறகுதான் விரல் எழுத்துகளைத் தொட வேண்டும்.

அதற்காகப் பொய்யை அப்படியே விட்டுவிடலாம் என்றும் நான் சொல்லமாட்டேன். 2018-ஆம் ஆண்டு மே மாதம், குழந்தை கடத்துவோர் ஊருக்குள் வந்துவிட்டார்கள் என்ற வதந்தி கைப்பேசிகளில் பரவியிருந்த நேரத்தில், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்குச் சென்றுகொண்டிருந்த சென்னை மூதாட்டி ஒருவர் வழியில் கண்ட குழந்தைகளுக்கு இனிப்பு கொடுத்தார். அதற்காக அவரை அடித்தே கொன்றுவிட்டார்கள். அந்தச் செய்திகளைப் பகிர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் தம் பிள்ளைகளுக்காகப் பயந்த பெற்றோராகவே இருந்திருப்பார்கள் என்பதை நினைக்கும்போது மனம் பதைக்கிறது. இத்தகைய கொலைகள் நாட்டின் பல இடங்களில் நடந்த பின்னரே, அவ்வாண்டு ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியது. பலமுறை கைமாறி வந்த செய்திகளை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கே அனுப்பலாம் என்ற கட்டுப்பாடு 2020 ஏப்ரலில் வந்தது. அப்படிக் கைமாறி வந்தவற்றின் மேல் இரட்டை அம்புக்குறி இருக்கும். அதன் பொருளை உங்கள் தந்தைக்கு ஒருமுறை பக்கத்தில் அமர்ந்து காட்டுங்கள். எழுதியவர் யாரென்று தெரியாத மொட்டைக் கடிதத்தை நம்பக் கூடாது என்பதை நம்மைவிட நன்றாக அறிந்த தலைமுறை அவருடையது.

இனி அவரை எப்படி அழைத்து வருவது? பேரன் முதலில் தொலைபேசியில், முடிந்தால் நேரில் பேச வேண்டும். பிறகு குழுவிலும் இரண்டு வரி வருத்தம் தெரிவிக்க வேண்டும். புண்பட்டது 60 பேர் முன்னிலையில் என்பதால் தனியாகச் சொல்லும் வருத்தம் மட்டும் போதாது. சிரித்தவர்களும் அதைப் படிக்கட்டும். குழுவில் மீண்டும் சேர்ப்பதற்கு முன் அவருடைய விருப்பத்தைக் கேளுங்கள். திரும்பி வந்த பின், அவர் மட்டுமே அறிந்தவற்றை அவரிடம் கேளுங்கள்: பழைய நிழற்படத்தில் நிற்பவர் யார், பெரிய தாத்தா எந்த ஊரிலிருந்து வந்து குடியேறினார் என்பவற்றை. இனி அவர் தவறான செய்தி ஒன்றை அனுப்பினால், ‘அப்பா, விசாரித்தேன், அது உண்மை இல்லையாம், நீங்களே குழுவில் சொல்லிவிடுங்கள்’ என்று அவரிடமே விட்டுவிடுங்கள். தம் வாயால் திருத்துகிறவருக்கு அதில் இழிவில்லை.

கேள்வி: நெருங்கிய நண்பர் நான் அனுப்பியதைப் படித்துவிட்டு இரண்டு நாளாகப் பதில் எழுதவில்லை. நீலக்குறி விழுந்திருக்கிறது. அலட்சியம்தானே? (திருப்பூரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: வாட்ஸ்அப்பில் நீலக்குறி 2014 நவம்பரில் வந்தது, அதற்கு முன்பும் நண்பர்கள் தாமதமாகப் பதில் எழுதினார்கள், நாம் வருந்தவில்லை. உரையாடல் திறக்கப்பட்டது என்பதற்கு மேல் அந்தக் குறி எதையும் சொல்வதில்லை. மருத்துவமனை வரிசையில் நின்றபடி திறந்திருக்கலாம். என்ன எழுதுவது என்று தெரியாமல் மூடியிருக்கலாம். இரண்டு நாள் அவரைப் பற்றி யோசித்த நீங்கள் இரண்டு நிமிடம் அழைத்துப் பேசுங்கள். ‘ஏன் பதில் இல்லை’ என்று தொடங்காமல், ‘நலமா’ என்று தொடங்குங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் கண்மாயைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதினேன். ஒரே நாளில் பெரும்பகுதியை யாரோ நீக்கிவிட்டார். இனி அந்தப் பக்கமே போகக் கூடாது என்று இருக்கிறேன். (சிவகங்கையிலிருந்து ஒரு மாணவர்)

பதில்: போக வேண்டும் என்றுதான் சொல்வேன். 2003-இல் தொடங்கி ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளாக வளர்ந்திருக்கும் அந்தக் கலைக்களஞ்சியம், ஊதியம் பெறாத தன்னார்வலர்களின் உழைப்பு. உங்கள் வரிகளை நீக்கியவரும் வேலை முடிந்து வந்து இரவில் அமர்ந்து பிறர் செய்த புதிய திருத்தங்களைச் சரிபார்த்த ஒருவராக இருக்கக்கூடும். கட்டுரையின் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தால் நீக்கிய வரிகள் பத்திரமாக இருப்பதையும், பெரும்பாலும் அருகிலேயே காரணம் குறிக்கப்பட்டிருப்பதையும் காணலாம். புதியவர்களின் எழுத்து நீங்குவதற்கு வழக்கமான காரணங்கள் இரண்டு: சான்று தராமை, அல்லது ஒரு நூலின் வரிகளை அப்படியே எடுத்து எழுதுதல். உங்களுடையது முதலாவதாக இருக்கும் என்று எண்ணுகிறேன். ஊரார் வாய்மொழியாகச் சொன்னதற்கு அங்கே இடம் கிடைப்பது கடினம்.

ஆயினும் உங்கள் வருத்தத்தில் நியாயம் உண்டு. பிறர் நல்லெண்ணத்துடனே செயல்படுகிறார்கள் என்று கொள்ள வேண்டும், புதியவர்களைக் கடிக்கக் கூடாது என்பவை விக்கிப்பீடியா தனக்குத்தானே எழுதிக்கொண்ட வழிகாட்டல்கள். நீக்கியவர் உங்களுக்குச் செய்தி எழுதுவதற்கென அங்கே உள்ள பேச்சுப் பக்கத்தில் ஒரு வரி விளக்கம் எழுதியிருந்தால் நீங்கள் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கமாட்டீர்கள். அவர் எழுதாததை நீங்கள் தொடங்கலாமே. கட்டுரையின் உரையாடல் பக்கத்தில், எந்த வகைச் சான்று தேவை என்று கேளுங்கள். கண்மாயின் பரப்பு, பாசனம் பெறும் நிலம் போன்ற விவரங்களுக்கு அரசு ஆவணங்களைத் தேடுங்கள். மடையருகே கல்வெட்டு இருந்தால் அது நூல்களில் பதிப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதுவரை உங்கள் வரைவை மணல்தொட்டி எனப்படும் பயிற்சிப் பக்கத்தில் வைத்துச் செப்பனிட்டு வாருங்கள். கண்மாயை ஒரு நல்ல நிழற்படம் எடுத்து ஏற்றுவதற்கு இப்போதே தடையில்லை.