டெங்குவுக்கும் ஸ்டென்டுக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி: திருகோணமலை மக்கெய்சர் மைதானத்தில் இசை நிகழ்ச்சி ஒழுங்கு செய்திருந்தோம். அதற்கு முதல் நாள் பிரதான பாடகர் டெங்கு காய்ச்சலில் படுத்துவிட, நிகழ்ச்சி ரத்து. அதற்கென்றே காப்புறுதியும் எடுத்திருந்தோம். அவருக்கு முன்பு இதயத்தில் ஸ்டென்ட் (இரத்தக் குழாய் அடைப்புக்கு வைக்கும் சிறு குழாய்) வைத்ததைப் படிவத்தில் சொல்லவில்லை என்று கம்பனி இப்போது கையை விரிக்கிறது. டெங்குவுக்கும் ஸ்டென்டுக்கும் என்ன சம்பந்தம்?
– வாசகர், உப்புவெளி

பதில்: நியாயமான கேள்விதான். ஆனால் சட்டம் வேறு இடத்திலிருந்து பார்க்கிறது. நம் காப்புறுதிச் சட்டத்தில் பெரும்பகுதி இங்கிலாந்து வழி வந்தது. சுமாத்திராவில் இருந்த ஒரு கோட்டையின் காப்புறுதி பற்றி 1766இல் இங்கிலாந்தில் வந்த தீர்ப்புத்தான் இதற்கு அடிப்படை: காப்புறுதிக் கட்டணத்தை முடிவுசெய்ய உதவும் எதையும் மறைக்கக்கூடாது. மறைத்த விஷயத்தால்தான் நட்டம் வந்திருக்க வேண்டும் என்றில்லை. (அந்த வழக்கில் வென்றது காப்புறுதி எடுத்தவர்தான். கம்பனிக்காரர் தாமே அறிந்திருக்கக்கூடியதைச் சொல்லவில்லை என்று பிறகு குறைப்பட முடியாது என்றார் நீதிபதி.)

அதனால் மறுப்புக் கடிதத்தை இன்னொருமுறை நிதானமாக வாசியுங்கள். 'ஏற்கெனவே இருந்த நோய்க்கு நட்டஈடு இல்லை' என்ற விதியைக் காட்டியிருந்தால் உங்கள் கை ஓங்கும். டெங்கு புதிதாக வந்தது. 'தகவல் மறைத்ததால் ஒப்பந்தமே செல்லாது' என்றிருந்தால்தான் சிக்கல். அப்போது படிவத்தின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். கேள்வி என்ன? 'இல்லை' என்ற கட்டத்தில் கோடு போட்டது பாடகரா, நீங்களா, முகவரா? ஸ்டென்ட் பழையது என்றாலும், மாதாமாதம் கிளினிக்கில் மருந்து எடுக்கிறவர் 'சிகிச்சை இல்லை' என்று எழுதினால் எடுபடாது.

உங்கள் வாட்ஸ்அப்பையும் பாருங்கள். "நெஞ்சு எப்படி அண்ணை?" என்று கேட்டிருந்தால், தெரியாது என்று சொல்ல முடியாது. மைக்கேல் ஜாக்சன் 2009இல் இறந்தபின் லண்டன் நிகழ்ச்சிகளுக்கான 1 கோடியே 75 இலட்சம் டொலர் காப்புறுதியிலும் இதே தகராறுதான். அவர் உடல்நிலை பற்றி ஒழுங்கமைப்பாளர்களுக்குள் ஓடிய மின்னஞ்சல்கள் 2012இல் பத்திரிகையில் வர, அவர்கள் கோரிக்கையையே கைவிட்டார்கள்.

உங்களிடம் மோசடி நோக்கம் இல்லையென்றால், ஒப்பந்தம் செல்லாது என்னும் கம்பனியிடம் கட்டிய கட்டணத்தையாவது திருப்பிக் கேளுங்கள். இதைக் கேட்க மறப்பவர்கள்தான் அதிகம். முறைப்பாட்டை முதலில் கம்பனிக்கே பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சரிவராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் (முறைப்பாடுகளை விசாரிப்பவர்) போகலாம். ரிக்கெற் வாங்கிய சனங்களின் காசை மட்டும் இந்த வழக்கு முடியும்வரை வைத்திருக்காதீர்கள்.