விரல் நுனி போனாலும் இஎஸ்ஐ-யில் ஆயுள் முழுக்கப் பணம் உண்டு

கேள்வி: கோவையில் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கும் என் தம்பிக்கு, மெஷினின் டையில் (அச்சில்) சிக்கி வலது ஆள்காட்டி விரலின் நுனிக் கணு துண்டாகிவிட்டது. தனியார் ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனியே கட்டியது. இரண்டு மாதமாக வீட்டில் இருக்கிறான். “லீவுக்குச் சம்பளம் போட்டுவிடுகிறோம், இஎஸ்ஐ-க்கு (தொழிலாளர் அரசுக் காப்பீடு) போகவேண்டாம்” என்கிறார்கள். ஊனத்துக்குப் பணம் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். வேலையில் சேர்ந்த முதல் நாளே அடிபட்டிருந்தாலும் கிடைக்கும். இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேலை விபத்துக்கு இல்லை. கம்பெனியின் தாராளத்தில்தான் சிக்கல். வீட்டில் இருந்த நாட்களுக்கு வருகை போட்டுச் சம்பளம் தந்துவிட்டால், அந்த நாட்களுக்கான தற்காலிக ஊன உதவி (தினக் கூலியில் 90 சதவீதம்) போய்விடும். அதைவிடப் பெரிய நஷ்டம், விபத்தே நடக்காத மாதிரி ஆகிவிடும்.

எனவே முதல் வேலை, விபத்து அறிக்கை. அதைக் கம்பெனிதான் அனுப்ப வேண்டும். மறுத்தால், நடந்த தேதி, நேரம், மெஷின், பக்கத்தில் இருந்தவர்களின் பெயர் எழுதி, தம்பியே இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் மனு கொடுத்து நகலில் முத்திரை வாங்கட்டும். விசாரிப்பது அவர்கள் பொறுப்பு. ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். “வீட்டில் கதவில் நசுங்கியது” என்று யாராவது சொல்லி எழுதவைத்திருந்தால், பிறகு எல்லாக் கேள்வியும் அங்கிருந்துதான் கிளம்பும்.

சிகிச்சை முடிந்து இஎஸ்ஐ மருத்துவர் இறுதிச் சான்று கொடுத்ததும், ஊனம் எத்தனை சதவீதம் என்று முடிவு செய்யும் மெடிக்கல் போர்டுக்கு அனுப்பச் சொல்லி விண்ணப்பியுங்கள். தள்ளிப்போட வேண்டாம். போர்டு பார்ப்பது வலியை அல்ல, சட்ட அட்டவணையை. ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14 சதவீதம், இரண்டு கணு 11, ஒரு கணு 9, எலும்பு போகாமல் நுனி மட்டும் வெட்டுப்பட்டால் 5. அந்த 9-க்கும் 5-க்கும் நடுவே நிற்பது ஒரு எக்ஸ்ரே. தினக் கூலி 600 ரூபாய் என்று வையுங்கள். அதில் 90 சதவீதம் 540. ஊனம் 9 சதவீதமானால், அந்த 540-இல் 9 சதவீதம், நாளுக்கு 48.60, மாதம் சுமார் 1,458 ரூபாய். 5 சதவீதமானால் மாதம் 810. அடிபட்ட அன்று எடுத்த எக்ஸ்ரேயையும் ஆறிய பிறகு எடுத்ததையும், டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஒரிஜினலாகக் கொண்டுபோகட்டும். மிச்ச விரல் மடங்கவில்லை, மரத்துப்போகிறது என்றால் கேட்கும்வரை காத்திராமல் அங்கேயே சொல்லவேண்டும். கூச்சப்பட்டு “பரவாயில்லைங்க சார்” என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

மறுபடி வேலைக்குப் போனால் இந்தப் பணம் நிற்காது. சம்பளமும் இதுவும் சேர்ந்தே வரும். அரசின் மாற்றுத்திறனாளி அட்டைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அங்கே கேட்கும் 40 சதவீதம் இங்கே தேவையில்லை. மொத்தமாகத் தரமாட்டார்களா என்றால், மிகச் சிறிய தொகைகளுக்கு மட்டும்தான். இஎஸ்ஐ-யில் வாங்கினால் இதே காயத்துக்குக் கம்பெனியிடம் தனி நஷ்ட ஈடு கேட்க முடியாது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

போர்டு முடிவில் ஊன சதவீதம் “தற்காலிகம்” என்று இருந்தால், மறு பரிசோதனைத் தேதியைத் தவறவிடாதீர்கள், பணம் நின்றுவிடும். சதவீதம் குறைவு என்று தோன்றினால், முடிவு கைக்கு வந்த 3 மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம்.